மேடையில் வாசிக்கச் சொன்ன ரிசல்ட்

முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் மூத்திரம் பார்த்த மூதறிவே! கலங்கலைக் கண்டும் கலங்காத கண்ணியமே! வேங்கிக்கால் மருத்துவமனை ஆய்வகத்தின் விளக்கே, அஜ்மத் பேகம் அம்மையாரே! பணி நிறைவுறும் தங்கள் திருமுன், பக்கத்து மேசை டெக்னீசியன் வேணு இன்று மதியம் கைப்பட எழுதிய இம்மடல் பணிவுடன் படைக்கப்படுகிறது. எழுத்து கோணலாக இருக்கும். அவசரமாக எழுதியது.

சோதனைப் பட்டைகள் அடங்கிய புது ஸ்ட்ரிப் டப்பா வந்தால், குறையில்லாத ஒருவரின் சிறுநீரில் முதலில் தோய்த்துப் பார்ப்பது இந்த ஆய்வகத்தின் வழக்கம். அந்தக் குறையில்லாதவர் எப்போதும் அம்மையார்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன், மஞ்சளாகவே நிற்க வேண்டிய பட்டை கரும்பச்சையானது. பேகம் அம்மாவுக்காவது, சிறுநீரில் புரதம் போவதாவது! மலை நகர்ந்தாலும் அது நடக்காது என்று வேணு டப்பாவைத் திருப்பி அனுப்பினார். அடுத்ததும் பச்சை. அதையும் அனுப்பினார். மூன்றாவதைக் கட்டிக்கொண்டிருக்கையில், அம்மையார் தம் சிறுநீரைச் சோதனைக்குழாயில் ஊற்றிப் பழைய முறைப்படி விளக்கில் காய்ச்சினார். உள்ளிருந்த புரதம் திரிந்த பால் போல வெள்ளையாகத் திரண்டது.

"டப்பா மேல தப்பு இல்ல வேணு. கோளாறு என்கிட்டதான்" என்றார். வேணுவின் தலையில் இடி விழுந்தது.

லட்சத்தில் ஒருவருக்கு வரும் சிறுநீரக நோய் அது. அதன் பெயரைச் சொன்னாலே பல் உடையும். டாக்டர் ராஜமாணிக்கம் சுருக்கமாகச் சொன்னார்: "ஒரு நாள் பூரா பிடிச்ச யூரின்ல புரதம் ஒரு கிராமுக்குக் கம்மியா வந்து அங்கியே நின்னா, கிட்னி தாக்குப் பிடிக்கும்மா. மூணுக்கு மேலயே இருந்தா, சில வருசத்துல டயாலிசிஸ்தான்." அன்று வந்த அளவு மூன்றே முக்கால்.

அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் பிடித்த கேன் துணிப்பையில் வந்தது. தம் மாதிரியைத் தாமே பார்ப்பது முறையல்ல என்று வேணுவிடமே தந்தார். தீபத் திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் கேனைச் சுமந்து நடந்தே வந்த ஒரு நாளில், அளவு மூன்றரை. அந்தக் களைத்த முகத்தைப் பார்த்த வேணு, "ஒண்ணரைங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மையார் உடனே குழாயைக் காய்ச்சினார். முன்போலவே கெட்டியாகத் திரண்டது; ஒன்றரைக்கு அப்படித் திரளாது.

"இத நம்பி டாக்டர் மருந்தைக் கம்மி பண்ணிட்டா என் கதி என்னடா? பாசம் ஜாஸ்தியா இருந்தா, நம்பரை அப்படியே சொல்லு!"

அவர் கோபப்பட்டு அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. வேணு கூனிக்குறுகிப் போனார்.

அப்படிப்பட்டவரிடம் சென்ற வாரம் என்ன பரிசு வேண்டும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். "ஒண்ணும் வேணாங்க. ஃபங்ஷன் அன்னிக்குக் காலைல கேன் கொண்டாறேன். வர்ற நம்பரை மடல்ல எழுதி எல்லார் முன்னாடியும் படிங்க. எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க. அத்தன பேர் எதிர்ல வேணு பொய் சொல்ல மாட்டான்."

எல்லாரும் அரண்டு போனார்கள். வாழ்த்த வந்த வாயால் கெட்டதைச் சொல்வதா? போன முறை வந்ததே இரண்டே கால்!

இன்று காலை மெஷின் காட்டியதைப் பார்த்து வேணு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெஷினைச் சந்தேகித்தார். டப்பாவைத் திருப்பி அனுப்பிய புத்தி எங்கே போகும்? மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் அதே எண்.

அம்மையாரே, பூச்சியம் புள்ளி மூன்று கிராம்!

தாங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் மேசைமேல் காய்ச்சிய குழாய் வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய மங்கல் ஒன்று இன்னும் இருக்கிறது. வேணு அதையும் மறைக்கவில்லை.

அந்த எண் அங்கேயே நிற்க! தாங்கள் நூறாண்டு நலமுடன் வாழ்க! ஓய்வு வேலைக்குத்தான், கேனுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்து மறக்காமல் கொண்டு வருக!

கண் கலங்கி நிற்கும்
ஆய்வக ஊழியர்கள்,
திருவண்ணாமலை