அறுநூற்றுப் பன்னிரண்டு புகார்கள் என்னுடையவை அல்ல

கையில் மரச் சுத்தியலும் கண்ணில் கண்டிப்புமாக இந்த ஆண்டுக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் தூலிக்கி அம்மையார் அவர்களே! ‘அடுத்த நிறுத்தம்’ என்னும் நம் செயலியை ஏழு ஆண்டுகளாகச் சளைக்காமல் சலிக்காமல் எழுதிவரும் சங்கத்துப் பெரியோர்களே! அதன் குரலை நம்பிக் குவோப்பியோ நகரத்துப் பேருந்துகளில் ஏறி இறங்கும், பார்வையற்ற என் அன்புக்குரியவர்களே! ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ஒதுக்கிவைத்து ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையிலிருந்து என்னைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் என் அம்மாவே! உங்கள் அனைவருக்கும் மின்த்துவின் வணக்கம்.

அம்மா, கையைக் கொஞ்சம் இறக்கும்மா. முழுசா கேட்டுட்டு அப்புறம் எடு.

சற்று முன் தலைவர் அவர்கள் என்னிடம் ஒரு மரக் கோப்பையைத் தந்தார். ஆண்டின் சிறந்த உழைப்பாளி என்று அதில் என் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். நம் செயலி குடியேறிய புதிய இணையத் தளத்தில், பிழைகளைச் சுட்டிக்காட்டும் அறுநூற்று நாற்பது புகார்கள் என் பெயரில் இருக்கின்றனவாம். பதினாறு வயதுப் பெண் இவ்வளவு செய்திருக்கிறாளே என்று நீங்கள் கைதட்டினீர்கள். இந்த ஊரில் கைதட்டல் வாங்குவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாதா?

அவையோரே! அந்த அறுநூற்று நாற்பதில் என்னுடையவை இருபத்தெட்டு. மற்ற அறுநூற்றுப் பன்னிரண்டும் என்னுடையவை அல்ல.

முணுமுணுப்பு கேட்கிறது. முணுமுணுங்கள். நான் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அது வந்துவிட்டது, நான் இன்னும் நிற்கிறேன்.

நடந்தது இதுதான். நம் செயலியின் நிரல்கள் ஏழு ஆண்டுகள் ஓர் இணையத் தளத்தில் குடியிருந்தன. தளம் கைமாறியது, விதிகள் மாறின, நம் மனமும் மாறியது. போன இலையுதிர் காலத்தில் வேறு தளத்துக்குக் குடிபெயர்வது என்று இதே அறையில் முடிவு செய்தோம். யார் மாற்றுவது என்று தலைவர் கேட்டார். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினீர்கள். செயலாளர் எஸ்கோ ஐயா மட்டும் வாய் திறந்தார்: “சின்னப் பொண்ணுக்கு விரல் வேகமா ஓடுது. இவளே செய்யட்டுமே!”

சிரிக்காதீர்கள் ஐயா, நீங்கள் சொன்னதுதான்.

செய்தேன். என் கணக்கின் சாவியைக் கொடுத்துப் பழைய தளத்திலிருந்து அத்தனையையும் அள்ளி வந்தேன். நிரல்கள் பத்திரமாக வந்தன. எழுதியவர் பெயர் நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கும். எந்தத் தளத்துக்குப் போனாலும் அது கூடவே வரும். ஆனால் பேச்சு அப்படியா? இங்கே பிழை, அங்கே பிசகு என்று நாம் எழுதிய புகார்கள், கேட்ட கேள்விகள், போட்ட சண்டைகள், இவை எழுதியவருக்குப் புதிய தளத்தில் கணக்கு இருந்தால்தான் அவர் பெயரில் ஒட்டும். கணக்கு இல்லாதவரின் பேச்செல்லாம் சாவி கொடுத்தவர் பெயரில் விழும். சாவி கொடுத்தவள் நான்.

கணக்கு இல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? ஒரே ஒருவர். சன்னல் ஓரத்தில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருக்கும் ஓர்வோ ஐயா.

அவரை உங்களுக்குத் தெரியும். டிராக்டர் கையேடுகளை மொழிபெயர்ப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நாம் எழுதுவோம்; அவர் பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டுவார். ஒன்று படிக்கட்டுமா? “நிறுத்தம் வந்துவிட்டது என்று செயலி சொன்னது. வந்தது உண்மை. ஆனால் பனியை வழித்துக் குவித்திருப்பதால் ஓட்டுநர் பத்து மீட்டர் தள்ளி நிறுத்துகிறார். நான் இப்போது இடுப்பளவு பனியில் நின்றபடி இதை எழுதுகிறேன். அவசரம் இல்லை, ஆனால் குளிர்கிறது.”

இப்போது சிரிக்கலாம். அவரும் சிரிக்கிறார்.

இதைப் புதிய தளத்தில் படித்தவர்கள் யார் எழுதியது என்று நினைப்பார்கள்? பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகும் மின்த்து இடுப்பளவு பனியில் நின்றாளா? கைத்தடியால் தட்டித் தட்டி அந்தப் பனிமேட்டிலிருந்து வெளியே வந்தவள் மின்த்துவா? இல்லை அவையோரே, இல்லை!

பத்து நாட்களுக்கு முன் பிழையைக் கண்டேன். கண்டதும் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“ஓர்வோ ஐயா, நான் மின்த்து பேசுறேன்.”

“மூச்சு வாங்குறதுலயே தெரியுது. மாடிப்படி ஏறுனியா, தப்பு பண்ணுனியா?”

“ரெண்டாவது. நீங்க ஏன் புது தளத்துல இன்னும் கணக்கு தொடங்கல?”

“போனேம்மா. நீ மனுஷன்தானான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அப்போ எந்தெந்தப் படத்துல பஸ் இருக்குன்னு தொட்டுக் காட்டுன்னுச்சு.”

“பஸ்ஸா?”

“பஸ்ஸேதான்! ஏழு வருஷமா பஸ்ஸைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. அதுலயே என்னை ஃபெயில் ஆக்கிட்டாங்க.”

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“எல்லாரும் சந்தோஷமா வீடு மாத்திட்டிருந்தீங்க. நடுவுல நான் வேற எதுக்குக் குறுக்கன்னு விட்டுட்டேன்.”

அவர் புகார்கள் என் பெயரில் வந்துவிட்டதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னார்: “நீயே வெச்சுக்கம்மா. எல்லாம் நல்ல திட்டுதான், வீணாப் போகாது. சந்தை நிறுத்தம் மட்டும் இன்னும் சரியாகல, அதைப் பாத்துக்கோ.”

பாத்துக்கோ என்றார். கேட்டீர்களா? அவர் விடைபெற்றுக்கொண்டிருந்தார்! நாற்காலியை நகர்த்தும் சத்தம்கூட இல்லாமல், நம் சங்கத்தை விட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தார். யாருக்காக இந்தச் செயலியை எழுதுகிறோமோ அவரை வாசலில் விட்டுவிட்டு, வீடு மாறிவிட்டோம் என்று நாம் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் பரிசுப் பட்டியல் வந்தது. அம்மா தன்னோடு வேலை செய்யும் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். நாளைக்குச் சொல்வோம் நாளைக்குச் சொல்வோம் என்று பத்து நாளைத் தள்ளினேன். அது என் குற்றம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் இனித் தள்ள முடியாது. ஏன்? இன்றைய ஏழாவது தீர்மானம் என்ன? பழைய தளத்தில் இருக்கும் நம் திட்டத்தை அடியோடு அழிப்பது. ஓர்வோ என்ற பெயரோடு அந்த அறுநூற்றுப் பன்னிரண்டும் இருக்கும் ஒரே இடம் அதுதான். தலைவர் சுத்தியலைத் தட்டினால் முடிந்தது. பிறகு யார் எழுதினார் என்று காட்ட ஒரு வரி மிஞ்சாது.

என்ன எஸ்கோ ஐயா? சத்தமாகவே கேளுங்கள்.

“அதுக்கு ஏம்மா இவ்வளவு பாடு? நாங்க யாராவது ஒருத்தர் அவருக்குக் கணக்கு திறந்து கொடுத்துட்டா ஆச்சு!”

ஆகுமா ஐயா? நாளைக்கு இன்னொரு பார்வையற்றவர் நமக்கு உதவ வந்தால் அவருக்கு யார் திறப்பது? ஒரு சிறு உதவி செய்யுங்கள். உங்கள் கைப்பேசியில் திரை வாசிக்கும் குரலைப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு புதிய தளத்தில் கணக்குத் திறந்து பாருங்கள். அவையோரே, ஒரு நிமிடம் அமைதி. அமைதியாக இருக்க இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டுமா!

கேளுங்கள். “பேருந்து உள்ள படங்களைத் தொடவும். படம். படம். படம். படம். படம்…”

“என்னம்மா இது, படம் படம்னே சொல்லிட்டிருக்கு? எதைத் தொடுறது?”

தெரியாது ஐயா. ஒன்பது முறை சொல்லும். ஒன்பதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கண்ணைத் திறந்துவிடாதீர்கள். ஓர்வோ ஐயாவால் அப்படித் திறந்து பார்க்க முடியாது.

அவையோரே! நான் கேட்பது மூன்றே சொற்கள்: பழையதை அழிக்க வேண்டாம். ஒலியால் திறக்கும் வாசல் வை என்று புதிய தளத்துக்குச் சங்கத்தின் பெயரில் எழுதுவோம். வைத்தால் அங்கே இருப்போம். வைக்காவிட்டால் இன்னொரு தளம் தேடுவோம். வாசல் திறந்து, ஓர்வோ ஐயா தன் விரலால் தன் பெயரை எழுதி உள்ளே வந்த பிறகு, புதிய தளத்தில் நான் கொண்டுவந்து போட்ட எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பழையதிலிருந்து முதலிலிருந்தே நானே மாற்றித் தருகிறேன். இரண்டு வாரமோ இரண்டு மாதமோ, செய்கிறேன். கோப்பையை இதோ மேசைமேல் வைக்கிறேன். என் பெயரைச் சீவிவிட்டு இன்னொரு பெயர் செதுக்கும் அளவுக்கு மரம் தடிமனாகத்தான் இருக்கிறது.

தலைவர் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் அம்மா.

“ஏழாவது தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? எஸ்கோ, நீங்க கண்ணைத் திறக்கலாம்.”

தட்டிவிட்டார்! சுத்தியல் சத்தம் எல்லோருக்கும் கேட்டதா? நன்றி அம்மா. எஸ்கோ ஐயா கைக்குட்டையைத் தேடுகிறார், யாராவது கொடுங்கள். என் அம்மா மறுபடியும் கைப்பேசியைத் தூக்கிவிட்டாள். எடும்மா. இப்ப எடு.

ஓர்வோ ஐயா கை தூக்குகிறார்.

“என் பேரைத் திரும்பக் கொடுங்க, சரி, வாங்கிக்கிறேன். அதோட புதுசா ஒரு புகாரும் எழுதிக்கோங்க. ஒருத்தன் எழுந்து போய் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக் குலுக்கலாம்னா, இந்த மேடைக்கு எத்தனை படின்னு இதுவரைக்கும் எவனும் சொல்லல!”

மூன்று படிகள், ஐயா. அறுநூற்றுப் பதின்மூன்றாவது புகார், உங்கள் பெயரிலேயே எழுதிக்கொள்கிறேன். என் பயத்தைப் பொறுத்து, என் பிழையைப் பொறுத்து, இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் அங்கேயே இருங்கள், ஓர்வோ ஐயா. நான் இறங்கி வருகிறேன். வணக்கம்.