மீதிப் பாதி

அக்காவுக்குப் பெரிய மாத்திரைன்னா தொண்டைக்குள்ள இறங்காது, சார். தண்ணியை மடக் மடக்குன்னு குடிச்சிட்டு மாத்திரையை மட்டும் நாக்குலயே வெச்சிருப்பா. அதனால டாக்டரே சொன்னாரு, "ரெண்டா உடைச்சு, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு பாதியும் கொடும்மா. பாதியோட நிறுத்திடாதே, கிருமி சாகாது." கால் புண்ணுல சீழ் வெச்சிருந்துச்சு. சர்க்கரை உடம்பு வேற.

மருந்துக்கடை வரிசையில ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. ஒரு காலத்துல என்னைக் கட்டிக்கிறதா இருந்தவரோட அக்கா. எல்லாம் பேசி முடிச்சிட்டு, திடீர்னு ஒரு தகவலும் சொல்லாம ஒதுங்கிப் போனவங்க. "இப்ப வலிப்பு நின்னுடுச்சாம்மா?"ன்னு பரிவாத்தான் கேட்டாங்க.

"எனக்கு ஏதுங்க வலிப்பு?"

"உங்க அக்காதானே எங்களைத் தனியா கூப்பிட்டுச் சொன்னா."

வீட்டுக்கு வந்து கேட்டேன். அக்கா மறுக்கல. "நீ போயிட்டா என் கதி?"ன்னா. அவ்வளவுதான், மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை வரல. அன்னிக்கு என் தலையெழுத்துன்னு நான் அழுதப்போ, பக்கத்துல உக்காந்து கண்ணைத் துடைச்சுவிட்டவ சார் இவ. கூடப் பிறந்தவ.

அப்புறம் மாத்திரையை உடைச்சேன். நடுவுல கோடு இருக்கு, கத்தியை வெச்சு அழுத்தினா சுத்தமா ரெண்டாகும். ஒரு பாதியைக் கொடுத்தேன். இன்னொண்ணு எங்கேன்னு கேட்டா. "பாதி போதுமாம், முழுசு உன் உடம்பு தாங்காதாம்"னேன். நீ சொன்னா சரின்னு படுத்துட்டா. மீதிப் பாதியைப் பாத்திரம் கழுவுற தொட்டியில கரைச்சு விட்டேன். தினமும் அப்படித்தான். கட்டு மாத்தினேன், தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். எதுலயும் குறை வைக்கல.

முதல்ல ஜுரம் விட்டுச்சு. "உன் கை ராசிடி"ன்னு சிரிச்சா. அப்புறம் வீக்கம் முட்டிக்கு மேல ஏறிடுச்சு. கொல்லணும்னு எனக்கு நினைப்பே இல்ல, சார். கொஞ்சம் அனுபவிக்கட்டும்னுதான்.

ஆஸ்பத்திரியில டாக்டர் அவளை விசாரிச்சாரு. "தங்கச்சியைக் கேளுங்க, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்"னா. வேளை தவறாம முழு மாத்திரை கொடுத்தேன்னு சொன்னேன். அவரு நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டாரு. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. சரியா சாப்பிடலைன்னா இதே மருந்தை ஊசியில ஏத்தி இழுத்துப் பிடிச்சிடலாம். சாப்பிட்டும் கேக்கலைன்னா வேற மருந்துக்குப் போகணும்" அப்படின்னாரு. முழு மாத்திரைதான்னு திரும்பவும் சொன்னேன்.

அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. எப்படிச் சொல்றது, சார்? சொன்னா பிழைச்சிடுவாளே.