தண்ணீர்ப் பெட்டியின் கறுப்புக் கட்டம்

— தண்ணி குடிக்க வர்றவங்களுக்குக் கோழி விக்கவா என் மகன் பேர்ல பெட்டி வெச்சோம், உஸ்தா வக்தி?

— உக்காருங்க உம்மு நாதிர், என் தலை மேல உக்காருங்க. இந்த வெயில்ல கர்மூஸ்லேர்ந்து நடந்தா வந்தீங்க? மொதல்ல ஒரு டீ சொல்றேன்.

— டீ வேணாம். உன் அச்சுக்கடையில அடிச்ச கறுப்புக் கட்டத்தை ஃபோன்ல காட்டினா என் மகன் முகம் வரணும். இன்னிக்குக் காலையில காட்டினேன், பொரிச்ச கோழி வருது. ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசமாம்.

— நெட்டு கோளாறா இருக்கும், என் தலைக்கு மேலானவங்களே. ஃபோனை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்க.

— அணைச்சும் பார்த்தேன். தங்கச்சி மக ஹனான் ஃபோன்ல பார்த்தேன். தண்ணி குடிக்க நின்ன டாக்ஸிக்காரன் ஃபோன்லயும் பார்த்தேன். மூணுலயும் அதே கோழி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே.

— சரி. நான்தான் மாத்தினேன்.

— நீயா?

— முக்குல கோழிக்கடை கரீப் இருக்காரே, அவருக்கு மேசைக்கு மேசை கியூஆர் நான்தான் அடிச்சுக் குடுத்தேன். நல்ல வேலைதான் அது, ஜனம் விலையைப் பார்த்து வேணுங்கறதைச் சொல்லிக்குது. அதோட நிக்கலை மனுஷன். 'வக்தி, ஆளுங்க எங்க நிக்கறாங்களோ அங்க என் கோழி நிக்கணும்'னார். டிராம் நிறுத்தம், மருந்துக்கடைக் கதவுன்னு அலெக்ஸாந்திரியா பாதிக்கு ஒட்டியாச்சு. கடைசியில உங்க தண்ணிப் பெட்டி மேல கண்ணு விழுந்துச்சு.

— உடனே நீ கொண்டுபோய் ஒட்டிட்டே.

— ஒட்டலை, உம்மு நாதிர். பெட்டியைத் தொட்டா பாவம்னு எனக்கும் தெரியும். நீங்க ஒட்டின தாள் அப்படியேதான் இருக்கு. அது எங்க கூட்டிட்டுப் போகணும்கிறதை மட்டும் இங்கேருந்து மாத்தலாம். ஒரு மாசத்துக்குத்தானேன்னு...

— கதவை விட்டுட்டு உள்ள இருந்த ஆளை மாத்திட்டே.

— கோவப்படாதீங்க. எத்தனை பேர் பார்த்தாங்கன்னு இந்தத் திரையில எனக்கு வரும். நாலு மாசம் கழிச்சு நான் பார்த்தப்ப ஏழே பேர். ஜனம் தண்ணியைக் குடிக்குது, பெட்டியில பேரைப் படிச்சு 'அல்லா இரங்கட்டும்'னு சொல்லுது, போயிடுது. போனவனுக்கு ஃபாத்திஹா ஓத ஃபோன் எதுக்கு? செத்தவன் கோவிச்சுக்க மாட்டான்னு நினைச்சேன்.

— அவன் சாகலை.

— உம்மு நாதிர்...

— சாகலைங்கறேன். லிபியாக் கரையில கள்ளத்தனமாக் கடல் தாண்டற படகு கவிழ்ந்தப்ப எங்க தெருப் பிள்ளைங்க ஆறு பேர் அதுல இருந்தாங்க. நாலு பேர் உடம்பு வந்துச்சு. நாதிரோட செருப்புகூட வரலை.

— உங்க வீட்டுக்காரர் ஹாஜி ஷவ்கி பந்தல் போட்டு மூணு நாள் துக்கம் நடத்தினாரே. நானும் வந்தேனே.

— வந்தே. எங்க வீட்டுக் காப்பி குடிச்சே. எப்படி இருந்துச்சு?

— இனிப்பா இருந்துச்சு. நீங்க இருந்த நிலைமையில மறந்துபோய்ப் போட்டுட்டீங்கன்னு பேசிக்கிட்டோம்.

— துக்க வீட்டுக் காப்பியில சர்க்கரை போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா, வக்தி? அடுக்களையில நின்னு கோப்பைக்கு ரெண்டு கரண்டி போட்டு அனுப்பினேன். ஒரு வாய் குடிச்சதும் ஷவ்கிக்குப் புரிஞ்சுடுச்சு. இன்னிவரைக்கும் அதைப் பத்தி அவர் பேசலை. அவருக்கு மகனைப் புதைச்சாத்தான் தூக்கம் வரும், எனக்குப் புதைச்சா வராது. அவர் 'மறைந்த நாதிரின் ஆன்மாவுக்கு'ன்னு எழுதிப் பெட்டி வெச்சார். நான் அதே பெட்டி மூலையில உன் கட்டத்தை ஒட்டினேன்.

— அதுல ஃபோட்டோவும் கீழ ஒரு கேள்வியும் பார்த்தேன். என்னமோ ஓதற பக்கம்னு விட்டுட்டேன்.

— 'நம்ம நொண்டிப் பூனைக்கு நீ வெச்ச பேர் என்ன?' அதுதான் கேள்வி. பேரைச் சரியாப் போட்டா என் புது நம்பர் வரும். ஹனான் செஞ்சு குடுத்தா.

— புது நம்பர் எதுக்கு?

— சேதி பரவினதும் எவனெவனோ கூப்பிட ஆரம்பிச்சான். 'உன் மகன் எங்கிட்ட இருக்கான், பணம் அனுப்பு'ன்னு. ஒருத்தன் எவனையோ அழவெச்சுக் கேக்க வெச்சான். பொறுக்க முடியாம ஷவ்கி வீட்டு நம்பரையெல்லாம் மூடிட்டார். நாதிருக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது என் பழைய நம்பர் ஒண்ணுதான். இப்ப அதுல கூப்பிட்டா யாரு எடுப்பா?

— அதெல்லாம் சரி. அவன் லிபியாவுல இருந்தா, கர்மூஸ் தண்ணிப் பெட்டியை எப்படிப் பார்ப்பான்?

— உங்கிட்ட அதே கட்டம் போட்ட அம்பது தாள் கூடுதலா வாங்கினேனே, எதுக்குன்னு நினைச்சே?

— சொந்தக்காரங்களுக்குக் குடுக்கன்னு.

— டைல்ஸ் ஒட்டற ஷாபான் ஆறு வாரத்துக்கு முன்னால லிபியாவுக்கு வேலைக்குப் போனான். அவன் பைக்குள்ள வெச்சு அனுப்பினேன். கடல்ல பிடிச்ச நம்ம பிள்ளைங்களை அங்க அடைச்சு வெச்சிருக்கற எடத்துச் சுவத்துல, சாப்பாட்டு வண்டியில, குழாயடியில, எங்க முடியுதோ அங்க ஒட்டுன்னேன். நம்பரை எழுதி ஒட்டினா ஏமாத்துக்காரன் எடுத்துக்குவான். பூனை பேரு என் மகனுக்கு மட்டும்தான் தெரியும்.

— யா ரப்பி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— உங்கிட்ட சொன்னா சந்தைக்கே சொன்ன மாதிரி. ஷவ்கி காதுக்குப் போயிருக்கும். அவர் நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது. பேச்சை விடு. என் மகனை அங்க திருப்பிப் போடு.

— போடறேன். பொறுங்க. ஆச்சு. உங்க ஃபோன்ல பாருங்க, முகம் வந்துடுச்சா?

— வந்துடுச்சு. கீழ பூனைக் கேள்வியும் வந்துடுச்சு. என் கண்ணே.

— என்னை மன்னிச்சிடுங்க, உம்மு நாதிர். கரீப் என் கடையை எரிச்சாலும் சரி, என்னை எரிச்சாலும் சரி, இனிமே இதை ஒருத்தனும் தொட மாட்டான்.

— எத்தனை நாளாக் கோழி இருந்துச்சு?

— ஒண்ணாம் தேதியிலேர்ந்து. இன்னியோட மூணு வாரம்.

— எத்தனை பேர் பார்த்தாங்கன்னு திரையில வரும்னியே. எங்கேருந்து பார்த்தாங்கன்னு வருமா?

— நாட்டுப் பேர், எந்த ஃபோன், எந்த நேரம், எல்லாம் வரும். நான் மொத்தத்தைத்தான் பார்க்கறது வழக்கம். எங்க... இருங்க.

— என்ன வருது?

— ஒரு நிமிஷம்.

— வக்தி, எனக்குப் படிக்கத் தெரியாது. லிபியான்னு இருக்கா?

— இருக்கு.

— எத்தனை பேரு?

— ஒரே ஒரு ஃபோன். பன்னெண்டாம் தேதி மத்தியானம், கால் மணி நேரத்துக்குள்ள பதினொரு தடவை பார்த்திருக்கு. பதினொரு தடவையும் நான் கோழியைத்தான் காட்டியிருக்கேன், அதுக்கப்புறம் அந்த ஃபோன் வரவேயில்லை.