பொட்டு வைப்பதா, பூசுவதா?

மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு, காற்று வாங்குவதிலும் தலைமை வகிக்கும் எங்கள் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்திலே இருந்தும் காற்று எட்டாமல் வியர்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! இவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் பெரியோர்களே! பிள்ளைகள் கணினியை உடைத்தாலும் மனம் உடையாத தாய்மார்களே! கடையைப் பாதி சாத்திவிட்டு, காதை இங்கேயும் கண்ணை அங்கேயும் வைத்திருக்கும் கடைத்தெருச் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தப் பஞ்சர் கடைக்காரனின் பணிவான வணக்கம்.

என்னய்யா சிரிப்பு அங்க? பஞ்சர் ஒட்டுறவனுக்குக் கம்ப்யூட்டர் மேடையில என்ன வேலைன்னுதானே? நியாயமான கேள்வி. நான் படித்தது எட்டாவது. அது பிடித்துப்போய் இரண்டு வருடம் படித்தேன். ஆனால் இன்று கணினிப் பராமரிப்பு வகுப்பு எடுக்கப்போகிறாளே, இதோ மேசைக்குப் பின்னால் நின்று என்னை முறைக்கிறாளே, இவள் என் அக்காள் பெற்ற சின்னவள். தாய்மாமன் என்ற ஒரே தகுதியில் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

மேடை ஏறும்போதே சொல்லிவிட்டாள். "மாமா, தெர்மல் பேஸ்ட் பத்தி மட்டும் பேசுங்க. குடும்பக் கதையை எடுத்தீங்க, மைக் ஒயரைப் புடுங்கிடுவேன்."

சரி தாயே. பேஸ்ட் மட்டும்தான்.

பெரியோர்களே! கணினிக்குள்ளே பிராசசர் என்று ஒரு சில்லு. கணக்குப் போடுவது அது, காய்வதும் அது. அதன் தலைமேலே கூலர் என்று ஓர் உலோகக் கட்டி; சூட்டை இழுத்து விசிறியிடம் கொடுக்கும். இரண்டும் பளபளப்பு, இரண்டும் வழவழப்பு. அப்புறம் எதற்கு நடுவிலே பேஸ்ட்? அங்கேதான் இருக்கிறது சங்கதி! கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற உலோகத்திலே கண்ணுக்குத் தெரியாத குழிகள். குழிக்குள்ளே காற்று. அந்தக் காற்று சூட்டைக் கடக்க விடாது. குழியை நிரப்பத்தான் பேஸ்ட். பெயர்தான் பேஸ்ட், ஒட்டுவது அதன் வேலை இல்லை. ஒட்டத் தெரிந்தவன் நான், நான் சொல்கிறேன், நம்புங்கள்!

யாரு, பல் தேய்க்கிற பேஸ்ட்டைத் தடவலாமான்னு கேக்கறது? தடவு ராசா. ரெண்டு நாள் கம்ப்யூட்டர் பல்லைக் காட்டிச் சிரிக்கும். காய்ந்ததும் நீ அழுவே.

எந்தப் பேஸ்ட்டை வாங்குவது? மின்சாரம் கடத்தாத சாதாரணச் சாம்பல் பேஸ்ட் நமக்குப் போதும். திரவ உலோகம் என்று ஒன்று விற்கிறார்கள். சூட்டைப் பிரமாதமாகக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும்! ஒரு துளி மதர்போர்டுப் பலகையில் சிந்தினால் பலகை போச்சு. அலுமினியக் கூலரில் பட்டால் அலுமினியத்தையே அரித்துத் தின்னும். கடைக்காரர் மினுக்கிக் காட்டினால் மயங்காதீர்கள்.

எவ்வளவு வைப்பது? எப்படி வைப்பது? இங்கேதான்... சின்னவளே, மன்னிச்சுக்கோ. இந்தக் கேள்வியைக் குடும்பத்தைத் தொடாமல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒயரைப் பிடுங்குவதென்றால் பிடுங்கு. பிடுங்கலையா? நல்லது.

இந்தத் தெருவிலே எதிரும் புதிருமாக இரண்டு கணினிக் கடை ஏன் இருக்கிறது என்று புதிதாய் வந்தவர்களுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் அது ஒரே கடை. இந்தச் சின்னவளும் இவள் அக்காள் பெரியவளும் ஒரே மேசையில், ஒரே விளக்கின் கீழ், ஒரே ஸ்க்ரூ டிரைவருக்குச் சண்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்த கடை. ஒருநாள் கல்யாண வீடியோ எடுப்பவர் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலை நடுவிலே அணைந்து போகிறது. பெண் வீட்டார் வீடியோ கேட்டு விரட்டுகிறார்கள். பழைய கூலர் தேய்ந்துவிட்டது என்று புதுக் கூலர் வாங்கினார்கள்.

பெரியவள் நடுவிலே பட்டாணி அளவு ஒரு பொட்டு வைத்தாள். அழுத்தத்தில் தானே பரவும் என்பது அவள் கட்சி. கூலரை வைத்து, எதிரெதிர் மூலைத் திருகாணியாக மாற்றி மாற்றி முடுக்கினாள். ஓட்டினார்கள். கொதித்தது, அணைந்தது.

"நான்தான் தலையால அடிச்சுக்கிட்டேனே, மெல்லிசா பூசணும்னு! நீ பொட்டு வெச்சு அழகு பாக்கறே!" இது சின்னவள்.

மின் இணைப்பைப் பிடுங்கி, ஆற வைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் பிராசசரைத் துடைத்து, அட்டையால் மெல்லிசாகப் பூசினாள். ஓட்டினார்கள். கொதித்தது, அணைந்தது.

"பூசினியே, கிழிச்சியா?" இது பெரியவள்.

மறுபடி துடைப்பு. மறுபடி பொட்டு. மறுபடி பூச்சு. வீடியோக்காரர் நடுவிலே பேந்தப் பேந்த விழிக்கிறார். கடைசியில் பெரியவள், அந்நிய ஆள் முன்னாலே, ஒரு சொல் சொல்லிவிட்டாள்: "இவ கை வெச்சா எதுவும் வெளங்காது. நீங்க வேற எடத்துல பாத்துக்குங்க."

சின்னவள் ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்தாள். தெருவைக் கடந்தாள். திரும்பவில்லை.

சூடேறாத கணினி உண்டா? சூடேறாத குடும்பம் உண்டா? ஆறிவிடும், நாளைக்கு ஆறிவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். ஆறவில்லையே! சின்னவளுக்குப் பிள்ளை பிறந்தான். தவழ்ந்தான், நடந்தான், இப்போது எனக்கே பட்டப்பெயர் வைக்கிறான். எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பது பெரியம்மா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இவர்களைப் பெற்றவர், என் மச்சான், ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருத்தி காலையில் வருவாள். ஒருத்தி மாலையில் வருவாள். வாசலில் மற்றவள் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வருவாள். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, நான் கெட்டுப்போன கம்ப்யூட்டரா இருந்திருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா வந்து தெறந்து பாத்திருப்பாளுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

அந்த ஆசை நிறைவேறாமலே போய்விட்டார்.

தாய்மார்களே, போன வாரம் அந்த வீடியோக்காரர் பரணைச் சுத்தம் செய்திருக்கிறார். பழைய கணினி அப்படியே கிடந்தது. காயலான் கடைக்குப் போடுமுன் கூலரைக் கழற்றியிருக்கிறார். நேரே என்னிடம் ஓடிவந்தார். அவர் கொடுத்ததைத்தான் இப்போது சட்டைப் பையிலிருந்து எடுக்கிறேன். தெரிகிறதா? தூக்கிப் பிடிக்கிறேன். கடைசி வரிசைக்குத் தெரியாது, ஏனென்றால் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பிளாஸ்டிக் தாள். புதுக் கூலரின் அடியிலே கீறல் விழாமல் ஒட்டி அனுப்புகிற தாள். மாட்டும் முன் உரித்துவிட வேண்டிய தாள்!

பேஸ்ட்டின் அளவைப் பார்த்தார்கள். பேஸ்ட்டின் நிறத்தைப் பார்த்தார்கள். இவள் கையை அவள் பார்த்தாள், அவள் கையை இவள் பார்த்தாள். கூலரைத் திருப்பி அடிப்பக்கத்தை ஒருத்தி பார்த்தாளா? பார்க்கவில்லையே! அவசரத்தில் தாளோடு துடைத்தார்கள், தாள்மேலேயே அழுத்தினார்கள். பொட்டும் சரி, ஐயா! பூச்சும் சரி! இரண்டுக்கும் வித்தியாசம் ஓரிரண்டு டிகிரி என்று வீடியோக்காரர் விசாரித்துச் சொல்கிறார். அந்த ஓரிரண்டு டிகிரிக்கா ஒரு தகப்பன் இரண்டு வேளையாகப் பிரித்துப் பார்க்கப்பட்டார்? அதற்கா ஒரு பிள்ளை பெரியம்மா மடி தெரியாமல் வளர்ந்தான்? நீ தப்பு என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் இருந்தது. ஏதோ தப்பு, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்ல ஒருத்திக்கும் வரவில்லையே!

சின்னவ அழறா. அழட்டும், யாரும் போகாதீங்க.

பெரியவள் வரமாட்டேன் என்றாள். தலைவர் உன்னை அவசரமாகக் கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லித்தான் வரவழைத்தேன். தலைவரே, முறைக்காதீங்க, உங்க பேருக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு அதுலதான் தெரிஞ்சுது. அதோ, கதவோரம் நிற்கிறாள். அம்மா பெரியவளே, மேடைக்கு வா என்று நான் கூப்பிடப் போவதில்லை. போய்விட்டதை நானும் கொண்டுவர முடியாது, நீயும் முடியாது. இன்றைக்கு உன் தங்கை நூறு பேர் முன்னால் ஒரு புதுக் கூலரை மாட்டப் போகிறாள். நின்று பார்த்துவிட்டுப் போ. அவ்வளவுதான்.

என்ன? பெரியவளே, என்னம்மா சொல்றே? மைக் தம்பி, சத்தத்தைக் கொறைப்பா. கொஞ்சம் அமைதி, அமைதி!

"மாமா, தாளை உரிச்சாளான்னு அவகிட்ட கேளுங்க."

கேட்டீர்களா? இத்தனை வருஷத்தில் முதல் வார்த்தை, அதுவும் என் வழியாக. ஏம்மா, நான் எதுக்கு நடுவுல? நீயே... சரி, சரி, கேக்கறேன். சின்னவளே, தாளை உரிச்சியான்னு...

"இன்னும் உரிக்கலக்கா. நீ வந்து பாரு."

நான் கேட்டு முடிக்கவே இல்லை. அவளே பதில் சொல்லிவிட்டாள்.

பெரியோர்களே, தாய்மார்களே, பொறுமையாகக் கேட்ட பொன்மனங்களே! பேச இன்னும் நிறைய வைத்திருந்தேன். வேண்டாம். நடுவிலே வழி விடுங்கள், அவள் நடந்து வரட்டும். இடம் கொடுத்த சங்கத்துக்கும் காது கொடுத்த உங்களுக்கும் நன்றி சொல்லி, நான் கீழே இறங்கிக்கொள்கிறேன். வணக்கம்.