ஐந்தாம் ஆட்டக்காரரைத் தேடிய மீரா உசேன்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் பொன்னிவளம் அரிசி ஆலைப் பூப்பந்து அணியின் அந்நாள் கேப்டன் பெரியவர் நடராசன் அவர்களே, மறைந்த மீரா உசேன் பாயின் துணைவியார் ஆசியா அக்கா அவர்களே, மகள் ஷமீரா, ஆலையில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களே, திருவிடைமருதூர்க் கடைத்தெரு வணிகர்களே, நடவை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் துயரத்தோடு என் துயரத்தையும் சேர்த்துவைத்து வணங்குகிறேன்.

நான் செம்மொழி. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. ஜெராக்ஸ் கடை மீரா உசேன் அவர்களோடு பழைய ஆட்டக்காரர்களைத் தேடி ஆறேழு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தவள்.

ஆதார் அட்டை நகல் எடுக்க அந்தக் கடைக்குப் போகாதவர் இங்கே யார்? போனால் நகலோடு விட்டாரா? "இருங்க, இந்தக் கப்பைக் கையில புடிச்சுப் பாருங்க" என்பார். பாதிக் கடையில் ஜெராக்ஸ் மெஷின். மீதிப் பாதியில் பொன்னிவளம் அணியின் கோப்பைகள், நரம்பு அறுந்த மட்டைகள், மஞ்சள் கம்பளிப் பந்துகள், ஆலையின் பெயர் பொறித்த நீலச் சட்டைகள், சட்டம் போட்ட படங்கள்.

அவர் ஆட்டக்காரரா? இல்லை. ஆலையில் லாரி ஓட்டியவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே அணி கலைந்துபோயிருந்தது. ஒரு ஆட்டத்தைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆலையை மூடிய வாரம், அலுவலக அறையில் இருந்ததையெல்லாம் அவர் லாரியில் ஏற்றி, கும்பகோணம் பாத்திரப் பட்டறையில் உருக்கப் போடச் சொன்னார்கள். உள்ளே கோப்பைகள் கிடந்ததைப் பார்த்த பாய், வண்டியை நேரே தன் வீட்டுக்குத் திருப்பினார்.

"ஆசியா, ஒன் பித்தளை அண்டாவைக் குடு."

"எதுக்குங்க?"

"இந்தக் கப்பெல்லாம் அடுப்புல போவப்போவுது. எடைக்கு எடை குடுத்துட்டா விட்டுருவாங்க."

தாய்வீட்டுச் சீராக வந்த அண்டாவை ஆசியா அக்கா உள்ளே போய் எடுத்துக் கொடுத்தார். அக்கா, அந்தப் பாதிக் கடைக் காட்சியகத்தின் முதல் கொடையாளர் நீங்கள்தான். அதை இந்த மேடையில் சொல்லாமல் எங்கே சொல்வது?

அதன்பிறகு ஜெராக்ஸ் கடை போட்ட பாய், ஆட்டக்காரர்களின் வீடுகளைத் தேடிப் போனார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் அப்பா அண்ணாதுரை ஆலையில் மூட்டை தூக்கியவர். இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணன் டீமுல ஆடுனாருன்னு சொன்னாங்க. அந்த நீலச் சட்டை இருந்தாக் குடுங்க, பத்திரமா வச்சிருக்கேன்" என்றார் பாய்.

என் அம்மா அம்சம், முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவருக்குச் சட்டையே குடுக்கலீங்க. பனியனோடதான் ஆடுனாரு."

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அது கெடக்குது, டீ சாப்புடுங்க" என்று பேச்சை மாற்றினார்.

வேறொருவராக இருந்தால் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். பாய் நேரே நடராசன் ஐயா வீட்டுக்குப் போனார். ஐயா அன்று மறைக்காமல் சொன்னார். மாவட்ட இறுதி ஆட்டத்தன்று ஐந்தாவது ஆட்டக்காரர் கணுக்கால் சுளுக்கிக் கிடந்தார். பயிற்சியில் பந்து போட்டுக்கொண்டிருந்த அண்ணாதுரையைத்தான் களத்தில் இறக்கினார்கள். ஜெயித்தார்கள். மறுநாள் படம் எடுக்கும்போது, சுளுக்கிக்கொண்டவர் சட்டை போட்டு நின்றார். கோப்பையிலும் அவர் பெயரையே பொறித்தார்கள். மூட்டை தூக்குகிறவர் படத்தில் நிற்க வேண்டாம் என்று நிர்வாகம் சொன்னது. "கடைசிப் பாயின்ட்டு அவன் அடிச்சது உசேன். நாங்க யாரும் வாயைத் தொறக்கல" என்றார் ஐயா.

அடுத்த ஆண்டு ஆலை முதலாளி குடும்பத்தார் கும்பகோணத்தில் ஒரு மண்டபம் கட்டினார்கள். கோப்பைகளையும் அந்தப் படத்தையும் கண்ணாடிப் பேழையில் வைக்கிறோம், பாயையே பொறுப்பாளராகவும் போடுகிறோம் என்றார்கள். பாய்க்கு எவ்வளவு பெரிய கனவு அது! அவர் ஒன்றே ஒன்று கேட்டார். படத்துக்குக் கீழே என் அப்பாவின் பெயரும் வரவேண்டும்.

"பழசை எதுக்கு பாய் கிளர்றீங்க? படத்துல நிக்கிறவரு செத்துப்போயிட்டாரு, அவரு பேரு கெட்டுப்போயிரும்" என்றார்கள்.

"அவரு பேரை அடிக்கச் சொல்லலீங்க. ஆடுனவரு பேரையும் எழுதச் சொல்றேன்" என்றார் பாய்.

அவர்கள் ஒப்பவில்லை. மண்டபம் கைநழுவியது. கொண்டுபோயிருந்த கோப்பைகளைச் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பாய் தன் ஜெராக்ஸ் கடைக்கே திரும்பி வந்தார். வருத்தப்பட்டாரா? பட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஷமீரா சொன்னாள். ஆனால் மூன்றாம் நாள் எல்லோரையும் ஆலைத் திடலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அணியில் மிஞ்சியிருந்தவர்கள் மூவர். நடராசன் ஐயா தன் நீலச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். இளவயதில் அப்பாவை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்டவர், அன்று எழுந்து நின்று, "வாங்க அண்ணாதுரை, இதைப் போட்டுக்கிங்க" என்றார்.

அப்பா சட்டையைத் தொட்டுப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "இனிமே எனக்கு எதுக்குங்க சட்டை? நான் ஆடுனேன்னு எழுதுங்க, போதும்."

தன் வெள்ளைச் சட்டையோடே நின்றார், நடுவில். பாய்தான் படம் எடுத்தார். முதல் படம் அசைந்துவிட்டது. மறுபடி எடுத்தார். இன்று கடையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. பழைய படத்தின் கீழே பாய் தன் கையால் எழுதியிருக்கிறார்: 'இறுதி ஆட்டத்தில் ஐந்தாமவராக ஆடியவர் அண்ணாதுரை. இந்தப் படத்தில் அவர் இல்லை.'

பழம்பொருள் சேர்ப்பவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். பொருளைப் பார்ப்பார்கள், வயதைப் பார்ப்பார்கள். அந்தப் பொருளில் யாருடைய பெயர் இல்லை என்று பார்த்தவர் எங்கள் மீரா உசேன். தான் பார்க்காத ஆட்டத்துக்கு நியாயம் கேட்டவர் எங்கள் மீரா உசேன். அதற்காகத் தன் கனவு மண்டபத்தையே விட்டுவிட்டு வந்தவர் எங்கள் மீரா உசேன்.

போன வாரம் எனக்குப் போன் செய்தார். "டீச்சர், ஆலையில நெல்லு தூத்துன பொம்பளைங்க ஒரு கபடி டீம் வச்சிருந்தாங்களாம். ஈஸ்வரின்னு ஒருத்தங்க முத்துப்பேட்டையில இருக்காங்க. ஞாயித்துக்கிழமை போயிட்டு வருவமா?" வருகிறேன் என்றேன். சனிக்கிழமை காலையில், கடையைத் திறக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியோர்களே, அந்தக் கடை மூடாது. ஷமீரா மெஷினைப் பார்த்துக்கொள்வாள். காட்சியகத்தை நானும் என் மாணவிகளும் பார்த்துக்கொள்வோம். இனி எந்தப் படத்தை மாட்டினாலும், இதில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று கேட்ட பிறகே ஆணி அடிப்போம். இது பாயின் பெயரால் நாங்கள் தரும் உறுதி.

நேற்று ஈஸ்வரி அம்மாவிடம் போனில் செய்தியைச் சொன்னேன். "எங்களைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல தாயி. அவருதான் கேட்டாரு. நீயாச்சும் வந்துரு, நாலு பேரு இன்னும் உசுரோட இருக்கோம்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நானும் ஷமீராவும் முத்துப்பேட்டைக்குப் புறப்படுகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார். வேன் பேசியிருக்கிறோம். இன்னும் இடம் இருக்கிறது. வரக்கூடியவர்கள் வாருங்கள்.