மூன்று முறை கேட்ட கேள்விக்கு மறுமொழி

கரிசல் வெயிலில் கருகி வந்தோர்க்குக் கனிவின் நிழலாய் நின்றவரே! ஊர் உறங்கினும் உறங்காது ஊழியம் புரிந்த உத்தமரே! முப்பத்தோராண்டுக் காலம் சாந்தாலயம் அறக்கட்டளை மருத்துவமனையின் தூணாய்த் திகழ்ந்து இன்று பணி நிறைவு பெறும் செவிலியர் கண்காணிப்பாளர் திருமதி நேசம்மாள் அவர்களே! வணக்கம்.

தங்கள் வாயில் ஒரு கடுஞ்சொல்லும் வந்ததில்லை என்று எழுதத்தான் நினைத்தோம். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்துவிட்டு வந்து தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட டயாலிசிஸ் நோயாளிகள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சிரித்துவிடுவார்கள் என்பதால் அந்த வரியை விட்டுவிட்டோம்.

நமது டயாலிசிஸ் பிரிவில் இயந்திரங்கள் நான்கு. அவற்றை நம்பி உயிர் வாழ்வோர் முப்பத்தாறு பேர். இடம் கேட்டு வெளியே காத்திருப்போர் எப்போதும் அதே அளவு. சிகிச்சை இலவசம் என்று அறிவிக்க ஆள் உண்டு. ஐந்தாவது இயந்திரத்துக்குத்தான் இன்றுவரை ஆளில்லை. ஒரு காலத்தில் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர் உள்ளே படுத்தார். கையை வீசி வந்தவர் வெளியே நின்றார். அந்த அநியாயத்தை ஒழித்தவர் தாங்கள். கரும்பலகை ஒன்றை மாட்டிப் பெயர்களை வரிசையாய் எழுதினீர்கள். தகவல் சொல்லாமல் தொடர்ந்து மூன்று முறை வராதவர் பெயர் அழியும். காத்திருப்போரில் முதல்வர் பெயர் ஏறும். அழிக்கும் முன் வார்டு நடுவில் நின்று, "யாரும் தகவல் சொன்னாவளா?" என்று மூன்று முறை கேட்பீர்கள். எம்.எல்.ஏ. ஆள் வந்து நின்றபோதும் அந்தப் பலகை அசையவில்லை. அதை எண்ணி நாங்கள் இன்றும் பெருமைப்படுகிறோம்.

இனி வருவது மடல்களில் வழக்கமாய் வருவதன்று. இதை எழுதியவள் நமது டயாலிசிஸ் டெக்னீஷியன் வனிதா. தன்னைப் பற்றியது என்பதால் தனக்கு மரியாதை விகுதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒப்பமிட்டவர்கள் நாங்கள் அனைவரும்.

நான்காண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். புதூர்ப் பக்கத்துக் கருத்தப்பாண்டி, ஆட்டுக்கிடைக் காவலுக்காகக் கயத்தாற்றுக்கு மேற்கே போயிருந்தார். எருவுக்காக ஒருவர் புஞ்சையில் அடைத்த கிடையை, பேசிய நாள் முடியும் முன் கிளப்பினால் அவரிடம் சொன்ன சொல் போய்விடும். அதனால் இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறைக்கு முந்தின நாள் அவர் மனைவி பாலம்மாள் பஸ் ஏறி வந்து, இயந்திரம் கழுவிக்கொண்டிருந்த வனிதாவிடம் சொன்னார்: "நாளைக்கு வந்துருவாவ தாயீ. முன்னப்பின்ன ஆனாலும் எடத்த விட்டுராதீய." வனிதா தலையாட்டினாள்.

காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் பாண்டிராஜ். லோடு ஆட்டோ ஓட்டிய இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. வனிதாவின் உடன்பிறந்த தம்பி. மறுநாள் காலை அவன் முகம் வீங்கி, மூச்சுக்குத் திணறி, வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தான். கருத்தப்பாண்டியின் முறை நேரம் தாண்டி மணி ஒன்பதரை ஆயிற்று. தாங்கள் நினைத்திருந்தால் வனிதாவை வேறு வேலைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, அவளை நம்பினீர்கள். வழக்கம்போல் மூன்று முறை கேட்டீர்கள். முதல் முறை அவள் தரையைப் பார்த்தாள். இரண்டாம் முறை தம்பியைப் பார்த்தாள். மூன்றாம் முறை சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள், சொல்லவில்லை. தாங்கள் கருத்தப்பாண்டி பெயரை அழித்து, பாண்டிராஜ் பெயரை ஏற்றினீர்கள்.

பதினொன்றரைக்குக் கருத்தப்பாண்டி தோளில் துண்டோடு வந்து சேர்ந்தார். நான்கு இயந்திரங்களிலும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் எவரையும் எழுப்ப முடியாது. இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது, தாமதிக்காமல் திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். ஆம்புலன்சில் தாங்களே ஏறினீர்கள். அவர் காலையில் எந்தக் கயத்தாற்றில் பஸ் ஏறினாரோ, அதைத் தாண்டும்போது அவர் உயிர் பிரிந்தது.

விசாரணையில் தாங்கள் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "விதி நான் போட்டது, குறை என்னுடையது." மெமோ வாங்கினீர்கள், பதவி உயர்வை இழந்தீர்கள், பிறகு விதியையும் மாற்றினீர்கள். அன்று முதல் நம்மில் ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்க்காமல் பலகையில் பெயர் அழிவதில்லை. அதனால் இடம் தப்பியவர் ஏழு பேர். அந்த ஒருநாள் தாமதத்தில் வெளியே காத்திருந்தே இறந்தவர் இருவர். இரண்டையும் தாங்கள் மறைத்ததில்லை. எந்த விதி போட்டாலும் வாசலில் ஒருவர் நிற்கிறார் என்று நாங்கள் தங்களிடம்தான் கற்றோம். கற்றது கசப்பாகவே இருக்கிறது.

சென்ற மாதம் இவ்விழாவுக்கு அழைக்க வனிதா பாலம்மாள் வீட்டுக்குப் போனாள். காலில் விழவும் மனத்தில் எண்ணியிருந்தாள். பாலம்மாள் அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "அவிய போன பத்தாம் நாளே சிஸ்டர் வந்தாவ. நான் ஒங்கிட்ட வந்து சொன்னத அன்னைக்கே அவிககிட்ட சொல்லிட்டேன். அதுக்கு சிஸ்டர், 'தம்பிக்காகத்தான் அவ வாய மூடியிருக்கா, நான் அவளக் கேக்கமாட்டேன், நீங்களும் கேக்காதீங்க'ன்னாவ. நான் கேக்கல. ஆனா நீயா வருவேன்னு நாலு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அம்மையீர்! நான்காண்டுகள் தாங்கள் அறிந்தே சுமந்தீர்கள். நாள்தோறும் வனிதாவை எதிரே பார்த்தீர்கள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டீர்கள். எழுதி முடித்ததும் அவள் இந்த மடலை முதலில் தம்பியிடம் காட்டினாள். அவன் அதை இரண்டு முறை வாசித்தான். பிறகு, "நான் இருக்கது யாரு எடம்னு தெரியாமலே இருந்திருக்கேன். வாசிச்சிரு அக்கா," என்றான். இரண்டாம் வரிசையில், பாலம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான். நாளை நிர்வாகம் எது சொன்னாலும் வனிதா அதை ஏற்பாள்.

தாங்கள் நோயின்றி, நெடுநாள், நல்ல தூக்கத்தோடு வாழ வேண்டும். தூக்கத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் தங்களுக்குத் தெரியும். இந்தப் பாரத்தை இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். சட்டமிட்டு மாட்டும் இம்மடலில், அன்று தாங்கள் மூன்று முறை கேட்டதற்கு விடை இருக்கட்டும்.

தகவல் வந்தது, சிஸ்டர். பாலம்மாள் வந்து சொன்னார். வனிதாவிடம் சொன்னார்.

இங்ஙனம்,
வனிதா
மற்றும் டயாலிசிஸ் பிரிவுப் பணியாளர்கள் பதினொருவர்,
சாந்தாலயம் அறக்கட்டளை மருத்துவமனை,
கோவில்பட்டி வட்டாரம்.