மூன்றாம் மேட்டில் விழுந்த வண்டியின் பிக்கப்பை மாற்றியது பற்றி

மேலே குறித்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது நாற்பத்து நான்கு. தொழில் மெக்கானிக். மண் தடத்தில் ஓடும் நாலு ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளை மட்டும் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவதால், 'காதுக்காரர்' என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். இந்த விஷயமாக நேற்று விசாரிக்கப்பட்டவர் என் உடன்பிறந்த தம்பி, வயது முப்பத்தொன்பது. என்னை யாரும் அழைத்து வரவில்லை. இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்தேன்.

நானும் தம்பியும் ஒரே பட்டறையில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தோம். கார்புரேட்டர் என் பொறுப்பு, மற்றதெல்லாம் அவன் பொறுப்பு. சென்ற ஆண்டு அவன் தனியாகப் போவதாகச் சொன்னான். போனவன் கண்காணாத இடத்துக்குப் போயிருக்கலாம். என் பட்டறைக்கு நேர் எதிரே கடை போட்டு, தரைக்கு வெள்ளை டைல்ஸ் பதித்தான். கிரீஸ் சிந்துகிற கடைக்கு எவனாவது வெள்ளை டைல்ஸ் பதிப்பானா என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். வந்தவர்கள் சிரித்துவிட்டு, அடுத்த முறை வண்டியை அங்கே விட்டார்கள்.

அதன் பிறகு 'தட்டான்' என்று அழைக்கப்படும் பந்தய வீரரும் போனார். வயது இருபத்தாறு. தடத்து மேட்டில் ஏறினால் தட்டான்பூச்சி மாதிரி அந்தரத்தில் நின்றுவிட்டு இறங்குவது போலத் தெரியும், அதனால் அந்தப் பெயர். ஆறு ஆண்டுகள் என்னிடம் வண்டி விட்டவர், நான்கு மாதத்துக்கு முன் புது வண்டி வாங்கியதும் அதை என் வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு தம்பி கடைக்குப் போனார். போகும்போது, "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டார். நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அன்று பிடித்த வயிற்றெரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. எதிரே அந்த வண்டியை முடுக்கும்போதெல்லாம் என் கை வேலை நின்றுவிடும்.

அந்த வண்டிக்கு ஒரு குறை இருந்தது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கினால், ஒரு நொடி திணறிவிட்டுத்தான் எடுக்கும். கார்புரேட்டரில் இருக்கும் சிறிய பம்ப் முறுக்கிய உடனே பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும். அது பிந்தினால் இப்படித்தான் திணறும். தம்பி எதையெதையோ கழற்றி மாட்டினான், அவனுக்குப் பிடிபடவில்லை. எனக்குச் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. நான் சொல்லவில்லை. தட்டான் அந்தத் திணறலுக்குப் பழகிக்கொண்டு, மேடு வருமுன்பே முழுதாக முறுக்க ஆரம்பித்திருந்தார்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் பயிற்சி ஓட்டம். மதியம் சுமார் ஒன்றே கால் மணிக்குத் தம்பியும் தட்டானும் சாப்பிடப் போனதைப் பார்த்துவிட்டு, வண்டி நிறுத்த அவர்கள் தடத்தோரம் போட்டிருந்த கூடாரத்துக்குள் போனேன். கார்புரேட்டரில் பெட்ரோல் கலக்கும் அளவை மாற்றும் கலவை ஸ்க்ரூவை இறுக்கி மூடிவிட்டு வருவது என் எண்ணம். அப்படிச் செய்தால் புறப்படும் இடத்திலேயே வண்டி அணைந்து அணைந்து போகும். பத்துப் பேர் முன்னால் தம்பி மூக்குடைபட வேண்டும், அவ்வளவுதான். யாரும் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. அதன் பிறகு, ஸ்க்ரூவைத் தொடுமுன் வண்டியை ஒருமுறை முடுக்கிக் கேட்டேன். கெடுக்க வந்தவனுக்கு அது எதற்கு என்று ஐயா கேட்டீர்கள். வண்டியில் கை வைக்குமுன் கேட்பது என் பழக்கம்.

திணறல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ரப்பர் வளையங்களில் ஒன்றை எடுத்து, பம்பின் நெம்புகோல் பிந்தாமல் அசையும்படி கொக்கிக் கம்பியால் மாட்டினேன். அதன் பிறகு கலவை ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திறந்துவிட்டேன். அதன் பிறகு முறுக்கிப் பார்த்தேன். கை அசைந்ததும் எடுத்தது. நான்கு மாதமாகத் தம்பி தேடியதை ஆறு நிமிடத்தில் முடித்தேன். அப்போது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

பிக்கப்பை, அதாவது முறுக்கியதும் வண்டி எடுக்கிற வேகத்தை, மாற்றினால் ஓட்டுகிறவரிடம் சொல்ல வேண்டும், ஒரு சுற்று மெதுவாக ஓட்டவிட்ட பிறகே மேட்டுக்கு அனுப்ப வேண்டும். இதில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அன்று சொல்வதென்றால் திருட்டுத்தனமாக உள்ளே போனதைச் சொல்ல வேண்டும். ஆகவே கம்பிவேலி ஓரமாகப் போய் நின்றேன். இரண்டு மணிக்குத் தட்டான் புறப்பட்டார். முதல் இரண்டு மேடுகளும் சிறியவை, அளவாக முறுக்கினால் போதும். அவர் இரண்டாவதைத் தாண்டியபோது நான் வாயைத் திறந்தேன். கத்தினேன், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று இங்கே சொல்லிவிட்டுப் போகலாம். நான் கத்தவில்லை. மூன்றாம் மேட்டில் வண்டி எப்படி எடுக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

அவர் வழக்கம்போல் முன்கூட்டியே முழுதாக முறுக்கினார். இந்தத் தடவை வண்டி திணறாமல் உடனே எடுத்ததில் முன்சக்கரம் தலைக்கு மேலே எழும்பி, அவர் மல்லாக்க விழுந்தார். வண்டி அவர் மேல் விழுந்தது. வலது தொடை எலும்பும் தோள் எலும்பும் முறிந்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன். தம்பிதான் முதலில் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினான். கொதிக்கும் சைலன்சரில் அவன் முழங்கை அழுந்தியதைப் பார்த்தேன், அவன் விடவில்லை. ஆம்புலன்ஸ் போன பிறகு கார்புரேட்டரைக் குனிந்து பார்த்தான். அந்த வளையத்தை அப்படி மாட்டுகிற ஆள் நான் ஒருவன்தான் என்று அவனுக்குத் தெரியும். நிமிர்ந்து வேலிப் பக்கம் பார்த்தான்.

அதன் பிறகு, கார்புரேட்டரில் புது வளையம் இருந்ததைக் கண்டு, வண்டியில் யாரோ வேண்டுமென்றே கை வைத்திருப்பதாகப் போட்டி நடத்தும் குழுவினர் புகார் கொடுத்தார்கள். நேற்று தம்பி இதே நாற்காலியில் உட்கார்ந்து, வளையம் மாட்டியது தான்தான் என்றும் ஓட்டுகிறவரிடம் சொல்ல மறந்துவிட்டதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

நேற்று மாலை மருத்துவமனைக்குப் போனேன். தட்டானின் காலைக் கட்டித் தூக்கி வைத்திருந்தார்கள். வலியோடு சிரித்தார். "விழுந்ததை விடுங்கண்ணே. வண்டி இப்படி ஒரு நாளும் எடுத்ததில்ல. உங்க தம்பி கையே தனி," என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போய் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். என் வேலையைத் தம்பி தன் வேலையென்று எழுதிக் கொடுத்துவிட்டான் என்று கத்தினேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "உங்களக் காப்பாத்தத்தாங்க அவரு அப்படிச் சொல்லியிருக்காரு. பேரு வாங்குறதுக்காக எவனாவது ஜெயிலுக்குப் போவானா?" என்றாள்.

அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததால்தான் தாங்கவில்லை. வாடிக்கையாளர்கள் அவனிடம் போனார்கள், தட்டான் போனார், நான் செய்த வேலைக்குக் கிடைத்த பாராட்டும் அவனுக்கே போயிற்று. பெரிய மனதும் அவனுக்குத்தான் என்றால் நான் எதை வைத்துக்கொண்டு அவனுக்கு எதிர்க்கடையில் உட்காருவது? குற்றமாவது என் பேரில் இருக்கட்டும். அவனை விட்டுவிடுங்கள். அவன் மேல் பாசத்தால் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் அப்படி எழுத வேண்டாம்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். யாருடைய மிரட்டலும் இல்லாமல், சுயநினைவோடு நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, அத்தனையும் உண்மை. ஓர் இடத்தில் மட்டும் 'வண்டியைப் பழுதாக்கினேன்' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, 'சரி செய்தேன்' என்று எழுதச் சொன்னேன். இதனால் வழக்கில் எந்தச் சலுகையும் கிடைக்காது என்று ஐயா சொன்னதைப் புரிந்துகொண்டு, அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)